நாற்பதாம் சங்கீதமும் ஒரு பழைய இசைத்தட்டும்

டப்ளின்,
டிசம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், பகல் ஷிப்ட் முடித்து மருத்துவமனையை விட்டு வெளியே வரும்போது வெயிலைப் பார்க்காமலே நாள் போய்விடுகிறது. மற்றபடி குளிருக்கும் மழைக்கும் பழகிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். இந்த ஊரில் பிறந்த யூ2 என்ற ராக் குழு 1983-இல் வெளியிட்ட 'வார்' என்ற தொகுப்பு அது. போர் என்று பெயர் வைத்துவிட்டு, அட்டையில் உதடு வெடித்த ஒரு சிறுவனின் முகத்தை மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கண்கள் நம்மை விடுவதில்லை. ராக் என்றாலே கூச்சல் என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று, உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். முதல் பாட்டு அதைப் பற்றியது. டிரம்ஸ் படை நடப்பதுபோல் ஒலிக்க, அதன் மேல் ஒரு வயலின் அழுகிறது. பாடகர் போனோவின் தகப்பனார் கத்தோலிக்கர், தாயார் புராட்டஸ்டண்ட். அங்கே மோதிக்கொண்டிருந்த இந்த இரண்டு பக்கத்து ரத்தமும் தன்னுள் ஓடுகிறவர் என்பதாலோ என்னவோ, பழிக்குப் பழி என்று அவர் பாடவில்லை, இது எதுவரைக்கும் என்றுதான் கேட்கிறார். இன்னொரு பாட்டு, அவர் புதிதாக மணந்த மனைவிக்காக எழுதத் தொடங்கி, போலந்துத் தொழிலாளர்களின் 'சாலிடாரிட்டி' போராட்டத்தை நினைத்துக்கொண்டே முடிந்ததாம். ஒருத்தியைப் பிரிந்திருக்கும் ஏக்கமும் ஒரு தேசத்தின் ஏக்கமும் அதில் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஊரை விட்டு வந்திருக்கும் எனக்கு அது மிகவும் நெருக்கமாக இருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கடைசிப் பாட்டுக்காக, அப்பா. அதன் பெயர் 'நாற்பது'. ஸ்டுடியோவில் நேரம் முடியப்போகும் கடைசி மணிகளில், குழுவில் ஒருவர் வீட்டுக்கே போய்விட்ட பிறகு, அவசரமாகப் பதிவுசெய்தது. ஆச்சி இறந்த வாரம் முழுவதும் குடும்ப ஜெபத்தில் நீங்கள் வாசித்த அதே நாற்பதாம் சங்கீதம்தான் அது! உளையான சேறும் கன்மலையும் புதுப்பாட்டும் அப்படியே வருகின்றன. முதல் பாட்டில் கேட்ட "எதுவரைக்கும்" என்ற கேள்வியும் இங்கே திரும்ப வருகிறது. இம்முறை அது மனிதரிடம் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. கச்சேரிகளில் இதைக் கடைசியாகப் பாடி, வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கிப் போவார்களாம். கூட்டம் மட்டும் விடாமல் பாடிக்கொண்டேயிருக்குமாம்.

தட்டு முடிந்ததும் அந்த அம்மாவிடம், இதை என் அப்பா தமிழில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன் என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டார். முதல் இரண்டு வசனங்களைச் சொல்லிக் காட்டினேன், மூன்றாவது ஞாபகம் வரவில்லை. வரும் ஞாயிறு நான் போன் செய்யும்போது நீங்களே முழுவதும் வாசியுங்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்