அரியலூரில் கிடக்கும் கடல்

அன்புள்ள சுந்தரம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி நிலவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. விடுமுறையில் அவளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். வேறெங்கும் யோசிக்காமல் எங்கள் அரியலூருக்கு அழைத்து வாருங்கள்.

14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரிட்டேசியஸ் என்ற நிலவியல் காலம் இங்கும் பக்கத்துப் பெரம்பலூரிலும் காலடியிலேயே கிடக்கிறது. தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியா அண்டார்டிக்காவை விட்டு விலகியபோது கிழக்குக் கரையோரத் தரை தாழ்ந்தது. பூமி இன்றைவிட வெகுவாகச் சூடேறியிருந்த காலமாகையால் கடல்மட்டமும் உயர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து, இன்றைய கரையிலிருந்து எண்பது, நூறு கிலோமீட்டர் உள்ளே வரை கடலைக் கொண்டுவந்தன.

காரை கிராமத்துக்கு வெளியே மழைநீர் அறுத்த பள்ளங்களும் புல் முளைக்காத களிமண் மேடுகளும் பரந்து கிடக்கின்றன. வெயிலில் ஜிப்சம் தகடுகள் மின்னும். குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா வடிவில், விரல் பருமனில், பழுப்பேறிய பெலம்னைட்டுகள் அகப்படும். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கூர்முனை அது. குறுக்கே உடைந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்: மையத்திலிருந்து விளிம்பு வரை படிக இழைகள் ஆரம் ஆரமாக ஓடும். சுருள் ஓடுடைய கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் இங்கு உண்டு. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பலவற்றுள் சுருண்டிருப்பது இவற்றைவிடவும் பழைய அம்மோனைட்டுதான்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஓடைக்கரையில் படுத்திருக்கிறது. 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்ன மரம் அது. ஊசியிலை வகையைச் சேர்ந்த அந்த மரம் ஆற்றோடு அடித்துவரப்பட்டுக் கடல்சேற்றில் புதைந்ததால்தான் சிப்பிகள் நிறைந்த பாறைகளுக்கிடையே கிடக்கிறது. அந்தக் கடற்கரையோரம் காடு இருந்ததென்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த ஓடுடைய கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காக உள்ளன. சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுப்பது அந்தப் பாறையைத்தான். சுரங்கம் வெட்டாமல் பல அடுக்குகள் கண்ணுக்கே வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரவைக்குப் போகுமுன் முக்கியமான பகுதிகளையேனும் ஆராய்ந்து பதிவு செய்யவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதியில் கடல் பின்வாங்க, கல்லமேட்டில் ஆற்றுமணல் படிந்தது. அம்மணற்பாறையில்தான் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியலாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்ட விலங்கின் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். மறுபடி அளந்து பார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை, பொடிந்துபோய்விட்டது. உலகின் மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடியதற்கு இன்று சில படங்களும் ஒரு கட்டுரையுமே மிச்சம் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் வாருங்கள். மழை கழுவிவிட்ட மேடுகளில் புதிய புதைபடிவங்கள் வெளிப்பட்டிருக்கும். முதலில் வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலையிலேயே காரைக்குக் கிளம்பலாம். பேத்தியை ஒரு கைலென்ஸும் குறிப்பேடும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்