எதிர்வீட்டு சாருக்கும் எங்கள் செல்லூர்த் தெருவுக்கும்

என் வீட்டுக்காரர் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். மாடி ஏறக் கூடாது என்பதால் கீழ் அறையில் படுக்கை போட்டிருக்கிறோம். வந்ததும் டீ கேட்டார். நடந்தது தெருவுக்கே தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடுராத்திரியில் ரத்தம் கொடுக்க பைக்கில் பறந்து வந்த தம்பிகள், தூக்குவாளியைக் காலியாகவே விடாத பக்கத்து வீட்டு அத்தை, வாய் திறக்கும் முன்பே முன்பணம் எடுத்து நீட்டிய கடை முதலாளி, வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், என்னை உட்காரச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன நர்ஸ் அக்காக்கள் எல்லோருக்கும் பெரிய கும்பிடு. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்வீட்டு சாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதைத் தவிர எனக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது. எங்கள் பையன் அப்போது யாரோடும் பேச்சில்லாமல் இருந்தான். சார் ஆஸ்பத்திரிக்கே வந்து, “தம்பியை என்னோட அனுப்பும்மா, திருவனந்தபுரம் ஜூவைப் பார்த்துட்டு வர்றோம்” என்றார். அப்பா ஐசியூவில் கிடக்கும்போது பிள்ளை மிருகம் பார்க்கப் போவதா என்றிருந்தது. சாரிடம் மறுத்துப் பேச முடியுமா, தலையாட்டினேன். நம்ம ஊரில் மிருகக்காட்சிசாலை ஏது? வண்டலூரும் தூரம். ராத்திரி ரயில் ஏறி, 1857-இல் தொடங்கிய அந்தப் பழைய ஜூவுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தவன் ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. புள்ளிமான் கூட்டத்தைக் காட்டி, “இதே மான் காட்டில் இருந்தால் அடுத்த வருஷம் எத்தனை இருக்கும்?” என்று சார் கேட்டாராம். இருக்கக்கூடிய அதிகபட்சக் கூட்டம் 1 என்றால், கூட்டத்தின் அளவை 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். அதை 1-இலிருந்து கழித்து, வந்ததை முதல் எண்ணோடு பெருக்கி, பெருகும் வேகத்துக்கான எண்ணாலும் பெருக்கினால் அடுத்த வருஷக் கணக்கு. அதையே மறுபடி மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ராபர்ட் மே என்ற சூழலியல் விஞ்ஞானி 1976-இல் இதை எழுதியபோது, பிள்ளைகளுக்குச் சீக்கிரமே சொல்லிக் கொடுங்கள், கால்குலேட்டரோ வெறும் கையோ போதும் என்றாராம். சார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மான்கூண்டு எதிரிலேயே கால்குலேட்டரைக் கொடுத்திருக்கிறார்.

அன்று ராத்திரி போனில் நானும் போட்டுப் பார்த்தேன். வேகம் 2.8 என்றால் 0.643-இல் போய் நின்றுவிடுகிறது. 3.2 என்றால் 0.513, 0.799 என்று ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். 3.5-க்கு நாலு எண்கள் மாறி மாறி. 3.9 வைத்தால் பிடியே கிடைக்கவில்லை. அதிர்ஷ்டம், தற்செயல் எதுவும் சூத்திரத்தில் கிடையாது. ஆனாலும் தொடக்க எண்ணில் கடைசி இலக்கத்தைத் துளி மாற்றினால், முதல் சில வரிகள் ஒட்டிப் போய்விட்டுப் பிறகு எங்கோ விலகிவிடுகின்றன. இந்தத் தாறுமாறுக்கு ‘கயாஸ்’ என்று பெயராம்.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். பைசாவை விட்டால் பைசாதான் துண்டுவிழும் என்று பழகியவள். ஆனால் வானிலைக் கணக்குப் போட்ட எட்வர்ட் லோரன்ஸ் 0.506127-ஐ 0.506 என்று சுருக்கிக் கணினியில் கொடுத்ததற்கு, வேறு வானிலையே வந்து நின்றதாம். சார் இதைச் சொல்லிவிட்டு, “வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நெனைக்காதம்மா, நம்ம திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல பிசிக்ஸ் பேராசிரியர் லட்சுமணன் இதுல பெரிய ஆளு. 1994-ல முரளி, லட்சுமணன், சுவா மூணு பேரும் இந்தத் தாறுமாறைக் காட்டுற சின்ன மின்சுற்றே செஞ்சு காட்டிட்டாங்க” என்றார்.

டாக்டர் ஒவ்வொரு முறையும் “இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்போம்” என்றபோது எதையோ மறைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். முழுச் சூத்திரமும் கையில் இருக்கும் மானுக்கே பத்து வருஷம் தள்ளிச் சொல்வது கஷ்டம் என்றால், ஒரு மனுஷ உடம்புக்கு அவர் எதைச் சொல்லுவார்? அதற்கப்புறம் நானும் நாற்பத்தெட்டு மணி நேரம் வரைக்கும்தான் யோசித்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. தைரியமா இரு என்று நிறையப் பேர் சொன்னார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள். சார் அதைச் சொல்லவே இல்லை.

இன்னொன்று. கூண்டுக்குள் புலி ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்பியதைப் பையன் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறான். அடைபட்ட மிருகங்களுக்கு அப்படி ஒரு நடை வந்துவிடும் என்று சார் சொன்னாராம். “நீயும் இந்த வராந்தால அப்படித்தாம்மா நடக்குற” என்றான். அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தேன்.

சார், ரயில் டிக்கெட் காசை நீங்கள் வாங்கிக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். அதற்குப் பதிலாக, அவர் நன்றாக நடமாட ஆரம்பித்ததும் முழுப் பரீட்சை லீவில் தெருப் பிள்ளைகளில் வர விரும்பும் எல்லோரையும் அங்கே கூட்டிப் போகப் போகிறேன். மான்கூண்டுப் பாடம் நீங்கள்தான் எடுக்க வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் என்னிடம் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஜூ லீவு, மற்ற நாளாகப் பார்த்து டிக்கெட் போடுவோம்.