கணக்குப்பிள்ளை ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

தசம எண்களைப் புரிந்துகொள்ளும் எங்கள் டீபக்கர் (நிரலில் பிழையைத் தேட உதவும் மென்பொருள்) நேற்றிரவு வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எழுதும்போதும் நெஞ்சு படபடக்கிறது. நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி, எங்கள் அலுவலகத்துக்குக் கீழே கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் ஐயாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பலருக்கும் அவரைத் தெரியும்.

சோதனைக்குப் புழக்கத்தில் உள்ள எண்கள் வேண்டும் என்று நாங்கள் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. யாரும் அவரைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில், கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி என்று கோடு போட்டுப் பிரித்து எழுதிக்கொண்டு, முழங்கால் வலியோடு மாடியேறி வந்துவிட்டார். கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு எண்ணையும் நான் டீபக்கரில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தசம எண் என்பதைக் காட்டும் ‘டிடி’ என்ற பின்னொட்டோடு 12.50 என்று தட்டினேன். திரையில் 12.5 என்று வந்தது.

“தம்பி, கடைசிப் பூஜ்ஜியம் எங்கே?”

“மதிப்பு ஒன்றுதானே ஐயா?”

“மதிப்பு ஒன்றுதான். ஆனால் 12.50 என்று எழுதினால் அந்தப் பூஜ்ஜியம் வரைக்கும் தராசில் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். 12.5 என்றால் அதற்கு மேல் பார்க்கவில்லை.”

கணினியில் பின்ன எண்களை எப்படி வைப்பது என்று சொல்லும் ஐஇஇஇ 754 தரத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு தசம மிதவைப் புள்ளி எண்களுக்கு வகுத்திருப்பதும் இந்த வேறுபாட்டைத்தான். 12.50 என்பது 1250, பத்தின் அடுக்கு −2. 12.5 என்பது 125, அடுக்கு −1. ஒப்பிட்டால் சமம், நினைவகத்தில் வேறு வேறு. சமமா என்று மட்டுமே கேட்ட சோதனைகள் எல்லாம் தேறிக்கொண்டிருந்தன. அவர் சொன்ன பிறகு தேடியதில் இடம் அகப்பட்டது: ‘டிடி’ என்ற பின்னொட்டைப் பார்ப்பதற்கு முன்பே, தட்டியதைப் படித்துப் பிரிக்கும் பகுதியான பார்சர் எண்ணை டபுளாக (வழக்கமான இரும மிதவை எண் வகை) மாற்றிவிடுகிறது. பூஜ்ஜியம் அங்கேயே உதிர்ந்துவிடும். 64 பிட் தசம வகை 16 இலக்கம் தாங்கும். டபுள் உறுதி தருவது 15 இலக்கத்துக்குத்தான். நீளமான எண்களில் கடைசி இலக்கமே மாறிவிடும் ஆபத்தும் அதே வரியில் ஒளிந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மாறியில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) புது மதிப்பை எழுதவும் இதே பார்சர்தான் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. இனி வகை தெரியும்வரை எண் எழுத்து வடிவத்திலேயே இருக்கும்.

காசு வாங்க மறுத்துவிட்டார். “கணக்கு சரியாக வந்தால் போதும்” என்றார். ஊர் முழுக்க இப்படி எத்தனை பேர் பிறர் கண்ணில் படாமல் கடைசி இலக்கத்தைக் காவல் காக்கிறார்களோ என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. சிக்னல் வந்து வந்து போகும் ஏற்காட்டிலிருந்து எங்கள் மாற்றங்களை வரிவரியாகப் படித்துத் திருத்திய தோழி, தங்கள் பவர் கணினியை (ஐபிஎம்மின் பவர் சில்லில் ஓடுவது) தொலைவிலிருந்து பயன்படுத்தவிட்ட நண்பர்கள் (தசம எண்ணின் பிட்டுகளை இன்டெல்லில் அடுக்கும் முறை வேறு, பவரில் வேறு), பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைச் செய்து மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஜிடிபி என்ற டீபக்கரின் குழுவினர், நள்ளிரவிலும் எங்களுக்காக அடுப்பை அணைக்காத மெஸ் அக்கா: எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

ஐயா எழுதிய எண்கள் அத்தனையும் எங்கள் சோதனைத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன. அவை தேறாமல் எந்தப் பதிப்பும் இந்த அலுவலகத்தைவிட்டு வெளியே போகாது. இது என் வாக்கு. அடுத்து 16 பிட் மிதவை எண்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கும் இதே விதிதான்.

ஐயா, புதிய பதிப்பில் உங்கள் பூஜ்ஜியம் நிற்கிறது. நீங்கள் மாடியேற வேண்டாம். மடிக்கணினியை நானே கீழே கொண்டுவந்து காட்டுகிறேன்.