பிளைட் பள்ளத்தாக்குக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். க்ரூகர் தேசியப் பூங்காவின் சிங்கங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கை மட்டும் ‘போகிற வழியில் அரை நாளில் பார்த்துவிடலாம்’ என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார். அந்தப் பத்தியை நம்பி யாரும் பயணத் திட்டம் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருந்தோம். ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கெல்லாம் பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

முதலில், ‘உலகின் மூன்றாவது பெரிய பள்ளத்தாக்கு’ என்ற அந்தப் பட்டம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் எல்லாம் இதையே பாடுகின்றன; எதை வைத்து அளந்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிளைட் பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். அதே கண்டத்தில், நமீபியாவில் உள்ள ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர். இந்தப் போட்டியில் பிளைடை இறக்கிவிடுவது அதற்கே அநியாயம். அதன் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டும் வறண்ட நிலத்தில் மொட்டைப் பாறையாய்ப் பிளந்து கிடப்பவை. இதுவோ விளிம்பிலிருந்து ஆற்று நீர் வரை பச்சை. பாறைச் சுவர் தெரிகிற இடம் தவிர மற்றதெல்லாம் மரமும் செடியும்தான். பெரியதைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். பசுமையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறமாட்டார்கள்.

அடுத்து, எந்த மாதத்தில் போவது என்பது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அருவிகளில் தண்ணீர் கொட்டும், ஆனால் மலை விளிம்பு மேகத்தில் மூழ்கியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் அருவிகள் மெலிந்திருக்கும். குளிர்காலக் கடைசியில் காட்டுத்தீப் புகை வேறு தொலைவை மங்கலாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நம் பள்ளி விடுமுறைக் காலமான ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்ல வாய்ப்பு. மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அந்த நாட்டுக்காரர்களே குடும்பத்தோடு வந்து குவிவார்கள்.

இப்போது அந்த அரை நாள் கணக்கு. வேன் பிடித்து வரும் பயணக் குழுக்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி, நண்பகலில் கிராஸ்காப் என்ற சிற்றூரை அடைகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு காட்சி முனையிலும் ‘இருபது நிமிடம், சீக்கிரம்’ என்று ஓட்டுநர் குரல் கொடுப்பார். என் நாத்தனார் குடும்பம் அப்படி ஒரு தனியார் குழுவோடு போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்த நேரத்தைவிடக் கழிப்பறை வரிசையில் நின்ற நேரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரும்பியது. மலைப் பகுதியில் ஒளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ‘கடவுளின் சாளரம்’ எனப்படும் காட்ஸ் விண்டோ கிழக்கே பார்த்தது. காலையில் போக வேண்டும். ‘மூன்று ரொண்டாவல்’ குன்றுகளை எதிர்க்கரையிலிருந்து பார்க்கிறோம். பிற்பகல் வெயில் அவற்றின் முகத்தில் விழும்போதுதான் பாறையின் செம்மையும் மஞ்சளும் எழுந்து வரும். ஒன்றுக்குக் காலை, மற்றொன்றுக்கு மாலை என்றால் அரை நாள் எப்படிப் போதும்?

காட்ஸ் விண்டோவில் அந்தக் காலையும் நிச்சயமில்லை. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைச் சுவரில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே மேகமாக நின்றுவிடும். கொடைக்கானல் தூண் பாறைக்குப் போய் வெண்பஞ்சை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராஸ்காப்பில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் காலை இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். மேகம் விலகிவிட்டால் 700 மீட்டருக்கு மேல் கீழே விழும் சரிவும், அதற்கப்பால் தாழ்நிலக் காடும், மொசாம்பிக் எல்லையிலுள்ள லெபோம்போ மலைகள் வரையும் தெரியும். மேகம் விலகாவிட்டாலும் மேலேயுள்ள சிறு மழைக்காட்டுப் பாதையில் ஏறிப் பாருங்கள். பாசி படிந்த கிளைகளும் பெரணிகளும் பனிமூட்டத்தில்தான் அழகு. இரவுச் சாப்பாட்டுக்குச் சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கிராஸ்காப் பான்கேக்குக்குப் பேர்போன ஊர். காளானும் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டிக் கொடுப்பார்கள்.

கிராஸ்காப்பிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் போனால், தங்கம் தேடி வந்த டாம் பர்க் என்பவரின் பெயரைத் தாங்கிய பர்க்ஸ் லக் பாறைக்குழிகள். ட்ரூர் ஆறு பிளைட் ஆற்றோடு கலக்கும் இடம் அது. எனக்கு இந்தப் பயணம் முழுவதிலும் பிடித்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆற்று நீரும் மோதிச் சுழலும்போது மணலும் கூழாங்கல்லும் அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கின்றன. அப்படி அரைத்து அரைத்துப் பாறையில் உருளை வடிவக் குழிகள் விழுந்திருக்கின்றன. நடைபாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், குழியின் உட்சுவர் கையால் தேய்த்து மெருகேற்றியதுபோல் வழவழவென்று தெரியும். தண்ணீர் குறைந்த குழிகளின் அடியில், அந்த வேலையைச் செய்த கூழாங்கற்களே மழமழவென்று உருண்டையாகக் கிடக்கும். குழந்தைகளை இங்கிருந்து கிளப்புவது கடினம். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அங்குள்ள பபூன் குரங்குகளுக்கு நம்முடைய சிப்ஸ் பொட்டலத்தின் ஓசை நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து சற்றே வடக்கில் மூன்று ரொண்டாவல். வட்டச் சுவரும் கூம்புக் கூரையுமாக ஆப்பிரிக்கக் குடிசைகளைப் போல் நிற்கும் குன்றுகள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். புலானா மக்கள் அவற்றைத் தங்கள் தலைவர் மரிப்பியின் மூன்று மனைவியர் பெயரால் அழைக்கிறார்கள் என்பதை எந்த வழிகாட்டியும் நின்று சொல்வதில்லை. பக்கத்தில் ஓங்கி நிற்கும் மரியெப்ஸ்காப் மலையும் அந்தத் தலைவரின் பெயரைத் தாங்கியதுதான். படையெடுத்து வந்த ஸ்வாசி இனத்தவரை, உச்சியிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டே அவருடைய மக்கள் விரட்டினார்கள் என்பது அங்கே வழங்கிவரும் வரலாறு. அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தால் நம்பத் தோன்றும்.

கட்டுரையாளர் முற்றிலும் தவறவிட்டது பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை. விளிம்பில் நின்று பார்ப்பது பாதிதான். கீழே, ஓரிக்ஸ்டாட் ஆறும் பிளைடும் சேரும் இடத்தில் 1970களில் கட்டிய அணை இருக்கிறது. அதன் நீர்த்தேக்கத்தில் படகில் போகலாம். மேலிருந்து பார்த்த அதே குன்றுகளை இப்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்; நீர்யானை மூக்கை நீட்டும், முதலையும் உண்டு. படகுக்காரர்கள் தவறாமல் காட்டுவது கடிஷி அருவி. டோலமைட் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, பாசியின் மேலேயே படிய வைக்கிறது. சாதாரண அருவி பாறையைத் தின்னும், இதுவோ பாறையை வளர்க்கிறது. ஆனால் விளிம்பிலிருந்து நேராகக் கீழே இறங்கச் சாலை கிடையாது. அபெல் எராஸ்மஸ் கணவாய் வழியாக, ஒரு சுரங்கப் பாதையைத் தாண்டி, மலையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஆகவே மேலே ஓர் இரவு, கீழே ஓர் இரவு. இதற்குக் குறைந்தால் க்ரூகரோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு: அங்கும் இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும், அந்தத் தயக்கம் வேண்டாம். ஆனால் பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்களிலிருந்து மரம் ஏற்றிப் போகும் லாரிகள் சாலையைப் பதம் பார்த்திருக்கின்றன. பாறைக்குழிகளைப் பார்க்கக் கட்டணம், சாலைக்குழிகள் இலவசம். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். காட்சி முனைகளில் தனித்தனியாக நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், மாலையில் வாயிலை அடைத்துவிடுகிறார்கள். கையில் கொஞ்சம் ராண்ட் ரொக்கமாக இருக்கட்டும். வழிகாட்டிப் பலகைகளிலும் வரைபடங்களிலும் பிளைட் ஆற்றுக்கு மொட்லாட்சே என்ற பெயரும் இருக்கும். ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கட்டுரையில் விட்டுப்போனவற்றில் மிக முக்கியமானது. அணை இருக்கும் தாழ்நிலமும், ஹூட்ஸ்பிரைட் ஊரும், க்ரூகரும் மலேரியா பரவக்கூடிய பகுதிகள். செப்டம்பர் முதல் மே வரை ஆபத்து கூடுதல். நான் மேலே சிபாரிசு செய்த மே மாதமும் இதில் அடங்கும். தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் பயணத்துக்குச் சில நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும், திரும்பிய பிறகும் தொடர வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உடன் வருவதாக இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். வேறு எதற்கும் இடமில்லாவிட்டாலும் இந்தப் பத்தியை மட்டுமாவது அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை