கற்பிக்க வருகிறவர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கும்போது கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ் என்று பல இடங்களிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் இங்குள்ள பாடசாலைகளில் சில வாரங்கள் ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை மனமார வரவேற்கிறேன். ஆனால் வந்து இறங்கிய களைப்புத் தீருமுன்பே அவர்களை நாற்பது பிள்ளைகளின் முன்னால் நிறுத்திவிடும் வழக்கம் மாற வேண்டும். அதற்காகவே இக்கடிதம்.

நான் கொக்குவிலில் பிறந்தவள். 1995 இடப்பெயர்வுக்குப் பின் பெற்றோருடன் அமெரிக்கா சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றேன். பட்டப்படிப்பு முடிந்ததும் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரச தொண்டர் அமைப்பின் வழியாகக் கானா நாட்டுக்குக் கணித ஆசிரியையாகப் போனேன். அங்கே இரண்டு ஆண்டு கற்பிக்க வேண்டும். அதற்கு முன் ஏறக்குறைய மூன்று மாதம் பயிற்சி. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும்வரை நாங்கள் பயிலுநர்கள் மட்டுமே. எந்தப் பாடசாலைக்கும் பொறுப்பாக எங்களை அனுப்பமாட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு வாழ்ந்தேன். விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டுவது, வாளித் தண்ணீரில் குளிப்பது, உடுப்பைக் கையால் தோய்ப்பது எல்லாமே பயிற்சியின் பகுதிதான். இடக்கையால் எதையும் நீட்டக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொல்லித் தந்தபோது என் அம்மம்மாவின் குரலே கேட்டது. மாலையில் மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் அவித்து உரலில் இடித்து ஃபூஃபூ செய்வார்கள். உலக்கை பிடிக்கத் தெரிந்த வெளிநாட்டுக்காரி என்று அயலில் எனக்குப் பெயர் வந்தது. கூட வந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் முற்றிலும் புதியவை. சிலர் இரவில் வீட்டை நினைத்து அழுதார்கள். இருந்தாலும் மாணவர்கள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள், காலையில் என்ன வேலை செய்துவிட்டு வருகிறார்கள், இரவில் எந்த வெளிச்சத்தில் படிக்கிறார்கள் என்பதை நாங்கள் அறிந்துகொண்டது அந்த வீடுகளில்தான்.

கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். நாங்கள் கற்பிக்கவேண்டிய பாடமும் ஆங்கிலத்திலேயே. அப்படியிருந்தும் நாள்தோறும் பல மணி நேரம், அங்குள்ள மக்கள் பேசும் துவி மொழியைப் படித்தோம். நாலைந்து பேருக்கு ஓர் ஆசிரியர், அந்த ஊர்க்காரர். முடிவில் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1961இல் அந்த அமைப்பின் முதல் ஆசிரியர் குழு அக்ரா விமான நிலையத்தில் இறங்கியதும், வரவேற்க வந்தவர்களுக்குத் துவி மொழியில் ஒரு பாட்டுப் பாடியது. அமெரிக்காவில் பயிற்சி பெற்றபோதே மனனம் செய்திருந்தார்கள்.

அடுத்தது மாதிரி வகுப்பு. விடுமுறையில் அயற்கிராமப் பிள்ளைகளை அழைத்து நடத்துவார்கள். அனுபவமுள்ள கானா ஆசிரியர் ஒருவர் கடைசி வாங்கில் குறிப்புப் புத்தகத்தோடு இருப்பார். பாடக்குறிப்பை முதலில் அவரிடம் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். கேள்வியை முழு வகுப்பிடமும் கேட்டபின் பெயர் சொல்லி அழைப்பது, பிரம்பு எடுக்காமல் ஐம்பது பேரின் சத்தத்தை அடக்குவது, எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டாமல் நிற்பது, ஒரு வெண்கட்டியும் ஒரு கரும்பலகையும் மட்டுமே உள்ள இடத்தில் கேத்திரகணிதம் விளக்குவது என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள்.

இப்போது நான் அம்மம்மாவின் வீட்டில் இருந்துகொண்டு, அருகிலுள்ள ஒரு பாடசாலையில் அதிபரின் அனுமதியோடு உதவி செய்கிறேன். அங்கே தரம் 6க்கு ஓர் இளைஞர் வந்தார். நல்ல மனம். நாற்பது நிமிடமும் மூச்சுவிடாமல் தன் நாட்டு உச்சரிப்பில் பேசினார். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள், ஒரு வசனமும் விளங்கவில்லை. பாடப்புத்தகம் திறக்கப்படவேயில்லை. சில வாரத்தில் அவர் போக, வேறொருவர் வந்து அதே “உன் பெயர் என்ன” என்பதிலிருந்து தொடங்கினார். தவணைப் பரீட்சைக்கு முன் விடுபட்ட பாடங்களை ஓடி ஓடி முடித்தவர் அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியை. இதில் அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிகள்கூடத் தமிழைப் படித்தார்கள். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள் என்பது வேறு விவாதம். படிப்பிக்க வந்த ஊரை முதலில் படித்தார்கள் என்பதையே சொல்கிறேன்.

வடக்கில் தொண்டர் ஆசிரியர் என்றதும் நினைவுக்கு வருகிறவர்கள், போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பின்தங்கிய பாடசாலைகளைத் தாங்கி நின்று, நிரந்தர நியமனத்துக்காக வீதியில் இறங்கிப் போராடியவர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் காட்டி அவர்களுடைய இடத்தை யாரும் நிரப்பிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்று மாதம் இங்கே யாருக்கும் இல்லை. இரண்டு வாரமாவது ஒதுக்கலாமே. முதல் வாரம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பார்க்கட்டும். பாடப்புத்தகத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வாசிக்கட்டும். மாலையில் தமிழ் எழுத்தைப் பழகட்டும். இரண்டாம் வாரம் வகுப்பாசிரியர் பார்த்திருக்க ஒரு பாடம் எடுக்கட்டும். வழிநடத்த இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் உள்ள மாவட்டத்தில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் எத்தனையோ பேர் கேட்டால் வருவார்கள். வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் பணம் சேர்க்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்.

வர இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓகஸ்டில் பெரும்பாலும் பாடசாலை விடுமுறை. டிக்கெட் எடுப்பதற்கு முன் அதிபருக்கு எழுதி, தவணை எப்போது தொடங்குகிறது, எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தில் உதவி வேண்டும் என்று கேளுங்கள். தங்குமிடத்தையும் ஹோட்டலில் பார்க்காமல், பாடசாலைக்கு அருகே ஒரு வீட்டில் கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தொண்டர் ஆசிரியை,
கொக்குவில்.