வளைவுக்குள் காலை எடுக்காதே

லெமிங்டன் ஸ்பா, இங்கிலாந்து,
மே 4

அன்புள்ள மணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபிஸ்ட் பத்து தடவை என்றால் பத்தே தடவை செய். இருபதாகச் செய்து சீக்கிரம் தேறிவிடலாம் என்று கிளம்பாதே. உன்னை எனக்குத் தெரியாதா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் வேலை கிடைத்து லீட்ஸுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் வசந்தாவும்தான். அப்புறம் அந்தக் கார்.

"அறுபத்தாறு வயசுல கூரை இல்லாத டப்பா எதுக்குடா?" என்று கேட்டிருந்தாய். வசந்தாவும் இதையேதான் கேட்டாள், டப்பாவுக்குப் பதில் வேறு வார்த்தை போட்டு. அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உனக்குச் சரியாகவே சொல்லலாம், ஏனென்றால் இதில் பாதி உங்கள் வீட்டுக் கதை.

வண்டி 1968-இல் செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. 1296 சிசி, 75 குதிரைத்திறன். வேகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஹைவேயில் காய்கறி வேன்காரன் என்னை ஓரங்கட்டிவிட்டுப் போகிறான். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் ஏற்பாடு, கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போடவேண்டும், அவசரப்பட்டால் பல் நறநறக்கும். மழை வந்தால் கூரையை மாட்டினாலும் கண்ணாடி ஓரமாகச் சொட்டும். இவ்வளவும் தெரிந்தேதான் வாங்கினேன்.

உட்கார்ந்தால் தரையோடு தரை. கதவுக்கு மேல் கையைத் தொங்கவிட்டால் தார் ரோடு தட்டுப்படும் போல இருக்கும். 40 மைலில் போனால் 70-இல் பறக்கிற மாதிரி தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் இது கிடைத்துவிடும். ஓட்டுகிறவனுக்கு மட்டும் கிடைப்பது ஸ்டியரிங்கில் இருக்கிறது. பெரிய வளையம், விரல் தடிமன்தான். பவர் ஸ்டியரிங் கிடையாது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பினியனும் (சின்னப் பல்சக்கரம்) ஒரு பல்தண்டும். டயர் அகலம் 145 மில்லிமீட்டர். இன்றைய குடும்பக் காரிலேயே 205 சாதாரணம். ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம், ஈர இலை, மாட்டுக்கொட்டகை வாசலில் காய்ந்த சேறு எல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

கிண்டியில் நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தும் நமக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை இந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டேன். வளைவில் திரும்பும்போது டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு விடுபட்டு நேராக வர முயல்கிறது. கையில் நாம் உணரும் கனத்தில் பெரும்பங்கு அதுதான். வளைவில் வேகம் ஏற ஏற கனமும் ஏறும். ஆனால் டயர் பிடியை விடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தக் கனம் இறங்கத் தொடங்கிவிடும். கையில் ஸ்டியரிங் லேசாகும். டயர் இன்னும் வழுக்கவில்லை, ஆனால் சேதி வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள நேரம் இருக்கிறது. என் இன்னொரு காரில், அதாவது வசந்தாவின் காரில், பிடி இதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் மின்மோட்டார் உதவி செய்கிறேன் என்று நடுவில் புகுந்து அந்தச் சேதியை அமுக்கிவிடுகிறது. இந்தச் சின்ன வண்டிக்கு எல்லை கிட்டத்தில்தான். ஆனால் எல்லைக்கல் தெரிகிறது.

சரி, உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வாங்கின முதல் ஞாயிறு பானெட்டைத் திறந்தேன். இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முன்னால் சாயும். எஞ்சின் அப்படியே வெளியே நிற்கும். கார்புரேட்டரைப் பார்க்கலாம் என்று முன்டயர் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த அந்த நொடியில் உங்கள் வீட்டுப் போர்ட்டிகோ வாசனை வந்தது மணி. உன் அப்பாவின் வானநீல ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் டயர் மேல் இதே மாதிரி உட்கார்ந்துதானே நாம் ஸ்பார்க் பிளக் துடைத்தோம்?

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஹெரால்டின் சேசிஸை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 91.5 அங்குலம் இருந்ததை 83 ஆகக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பைப் பொருத்தினால் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி. உன் அப்பாவின் வண்டி சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் பிறந்தது, என்னுடையது கவென்ட்ரியில், அதுதான் வித்தியாசம். போன மாதம் கவென்ட்ரியில் ட்ரையம்பின் கேன்லி தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது பிசினஸ் பார்க். தெருவுக்கு மட்டும் ஹெரால்ட் அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கடைவீதியில் உன் அப்பா ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவாரே, ரிவர்ஸே போடாமல்? டீக்கடையில் எல்லாரும் கிளாஸை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். ஹெரால்டுக்கு 25 அடி வட்டம் போதும். என் வண்டிக்கு 24. எங்கள் தெருமுனையில் தினமும் அதைச் செய்கிறேன். பார்க்கத்தான் யாரும் இல்லை.

இப்போது ஏற்காடு. கொண்டை ஊசி வளைவு இருபதிலும் உன் அப்பா ஒரே மாதிரிதான் ஓட்டுவார். வளைவுக்கு முன்னாலேயே ஹாரன், பிரேக், இரண்டாவது கியர். உள்ளே நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரில் கால் அசையாது. எதிரே பஸ் வந்தாலும் திடுக்கென்று காலை எடுக்கமாட்டார். நமக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது என்ன சொன்னார்? "வளைவுக்குள்ள காலை எடுக்காதே. யோசிக்கிறதெல்லாம் வெளியிலேயே முடிச்சுக்கோ." நீயும் நானும் ஹாஸ்டலில் இதை எதற்கெல்லாம் சொல்லிச் சிரித்தோம்! உன் கல்யாணத்தன்று மணமேடையில்கூட உன் காதில் சொன்னேன்.

அது சிரிக்கிற விஷயமே இல்லை என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிகிறது. இரண்டு வண்டியிலும் பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது இடமும் வலமும் தனித்தனியாக ஆடும் அச்சு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள். தோளில் மட்டும்தான் மூட்டு, முழங்கையும் மணிக்கட்டும் மடங்காது என்று வைத்துக்கொள். உள்ளங்கைதான் சக்கரம். உடம்பு மேலே எழும்பினால் கை கீழ்நோக்கிச் சாயும், சக்கரம் நேராக நிற்காமல் ஓரத்தில் நிற்கும். வளைவின் நடுவில் காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் ஓடி, வண்டியின் பின்புறம் தூக்கிக்கொள்ளும். வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து டயரின் ஓரத்தில் நிற்கும், பிடி குறையும், அந்த மடிப்பே உடம்பை இன்னும் தூக்கும். பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். கால் அசையாமல் இருந்தால் பின்புறம் தாழ்ந்தே இருக்கும், சக்கரம் நிமிர்ந்து நிற்கும். உன் அப்பா வக்கீல். டிஃபரன்ஷியலைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார். முதுகுத்தண்டில் உணர்ந்ததை விதியாக்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் முன்பு எட்ஜ் ஹில் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். இடதுபக்க வளைவு, ரோடு கொஞ்சம் ஈரம், 35 மைல் இருக்கும். வேலியிலிருந்து ஒரு ஃபெசன்ட் கோழி நடந்து வந்தது. ஓடினாலாவது பரவாயில்லை, தாசில்தார் மாதிரி நடந்து வந்தது. கால் தானாக எழும்பிவிட்டது. இடுப்புக்குக் கீழே வண்டி ஒரு அரை அடி நகர்ந்ததை உணர்ந்தேன். கண் பார்ப்பதற்கு முன்னால் இருக்கை சொல்லிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் அப்பா குரல் கேட்டது. காலை மெதுவாகத் திரும்ப வைத்தேன், ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை எதிர்ப்பக்கம் திருப்பினேன், வண்டி குந்தி உட்கார்ந்துவிட்டது. கோழி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தப்பு முழுக்க என் காலுடையது. அடுத்த ஊர் பப்பில் நிறுத்தி ஒரு டீ வாங்கிக் குடித்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. வசந்தாவுக்கு இது தெரியாது, நீயும் போனில் உளறிவைக்காதே.

இந்த விஷயம் செய்தவர்களுக்கும் தெரியாமல் இல்லை. 1970 கடைசியில் வந்த மார்க் 4-இல் பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் தகடுகளை மொத்தமாக இறுக்கிக் கட்டாமல், பெரும்பாலானதை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆட விட்டார்கள். அதிலேயே பெரும்பாடு தீர்ந்துவிட்டது. நம் ஊரில் 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வாரிசாக ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தபோது வேறு வழி பிடித்தார்கள், ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு முரட்டு ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அதுதான் பழக்கம். ஆனால் சோழவரத்தில் ரேஸ் பார்க்கப் போனோமே, அங்கே ஹெரால்டுகளை வாலை ஆட்டி ஆட்டித் திருப்பினார்களே, அவர்களுடைய தொடை எலும்பு எதில் செய்தது என்று இப்போது வியக்கிறேன்.

இங்கே மாதம் ஒரு ஞாயிறு பழைய கார்க்காரர்கள் கூடுவோம். சாவியை மாற்றிக்கொள்வது உண்டு. எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன். நல்ல பிள்ளை. பின்னால் ஒற்றை ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், வளைவின் நடுவில் பள்ளம் வந்தால் ஒரு குதி குதிக்கும், அவ்வளவுதான். எதையும் மறைக்காது, எதற்கும் பயமுறுத்தாது. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரும் மாட்டி உடம்பையும் உயர்த்தினார்கள். அந்த வருஷத்து வண்டி ஒன்றையும் ஓட்டிப்பார்த்தேன். வளைவில் படகு மாதிரி சாய்கிறது. ஜாகுவார் இ-டைப்பில் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தேன், சாவி கொடுக்கிற அளவுக்கு அதன் சொந்தக்காரருக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை.

மறக்கமுடியாதது லோட்டஸ் ஈலான். ரிட்டையரான கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவருடையது. 1962-இல் வந்த மாடல். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்பு சேசிஸ், மேலே கண்ணாடியிழை உடம்பு, 1558 சிசி எஞ்சின், எடை 700 கிலோகூட இல்லை. பின்சக்கரத்துக்கு சக்தி போகும் வழியில் ரப்பர் வளையங்கள் உண்டு, அசல் மெதுவடை. கிளட்சை அரைகுறையாக விட்டால் வடை முறுக்கிக்கொண்டு வண்டி தவளை மாதிரி தத்தும். முதல் நூறு அடி நான் தத்தினேன். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ரோட்டுக்கு வந்ததும் ஆச்சரியம். ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது மணி! ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இடுப்பு உடைய வேண்டும் என்று நம் பையன்கள் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறார்களே, லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் நேர் எதிராகச் செய்திருக்கிறார். ஸ்பிரிங் மிருது, ஆட்டத்தை அடக்குகிற டேம்பர் மட்டும் கச்சிதம். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிறது, உடம்பு கண்டுகொள்வதில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பாததால் பிடியும் போவதில்லை, ஸ்டியரிங்கும் பேச்சை நிறுத்துவதில்லை. மெக்லாரன் எஃப்1 செய்த கார்டன் மரே, ஈலானின் ஸ்டியரிங்கைத் தன் காருக்குக் கொண்டுவர முடியவில்லையே என்றுதான் குறைப்பட்டுக்கொண்டாராம். மணிக்கு 240 மைல் ஓடுகிற கார் அது.

ஈலான் என் வண்டியைவிட நூறு மடங்கு நல்ல கார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பிட்ஃபயரில் ஏறினதும் ஏன் மனசு நிறைந்தது என்று தெரியவில்லை. ஈலானில் தப்பு செய்வதே கஷ்டம். என்னுடையது தினமும் ஒருமுறையாவது கண்டிக்கும். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது போலிருக்கிறது.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய்: ஷெட்டில் அப்பாவின் ஹெரால்ட் துருப்பிடிக்கிறது, பையன் இரும்புக்கடைக்குப் போடலாம் என்கிறான் என்று. போடாதே. ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான் பிழைத்தது. காசில்லாமல் திட்டத்தையே கைவிட்டு, செய்த ஒற்றை மாதிரி வண்டியைத் தொழிற்சாலை மூலையில் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். 1961-இல் லேலண்ட் கம்பெனி வாங்கினபோது வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். உன் வண்டியைப் பார்க்க வந்தவன் நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

டிசம்பரில் வருகிறேன். அதற்குள் நீ ஒன்று செய், மெக்கானிக்கை விட்டுத்தான், முட்டியை மடக்கி நீ உட்காராதே. முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே பித்தளையில் ட்ரனியன் என்று ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். சக்கரம் திரும்புவதே அதில்தான். அதற்கு கிரீஸ் போடக்கூடாது, கியர் எண்ணெய்தான் ஏற்றவேண்டும். பழைய கிரீஸ் கெட்டியாகி உட்கார்ந்திருந்தால் கழற்றி முழுக்க சுத்தம் செய்யச் சொல். மெக்கானிக் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வந்தால் விடாதே, சண்டை போடு.

அப்புறம் ஒரு படம் அனுப்பு. பானெட் எல்லாம் வேண்டாம். வண்டிக்குப் பின்னால் நின்று, இரண்டு பின்சக்கரமும் தெரிகிற மாதிரி. அவை எந்தச் சாய்வில் நிற்கின்றன என்று பார்க்கவேண்டும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல். கமலாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரகு