செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற அங்கத்தவர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் "என்ன முடிவு எடுத்தீங்க" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆயுதபூசை, ஹட்டனிலிருந்து நுவரெலியா வரையிலான பழைய வாகன ஊர்வலம், ஒரு சிரமதானம், எல்லாம் நல்லபடி முடிந்தன.

அப்புறம் டிப் விஷயம், அதாவது இன்ஜின் விசையைப் பின் வீல்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிபரென்ஷலைச் சங்கத்து வேகனில் மாற்றிய கதை. எனக்குப் பின்னால் நிறையப் பேச்சு நடந்திருப்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் டீ.எக்ஸ். வேகன் எதற்கு இருக்கிறது? மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ யாருடைய கார் நின்றுபோனாலும் ஜெக்கும் கயிறும் ஏற்றிக்கொண்டு போவதற்கு. மழை நாளில் தோட்டத்து மேல் டிவிஷன் ஏற்றத்தில் அந்த வேகனே ஒரு பக்க வீல் சேற்றில் சுற்ற, மறுபக்கம் அசையாமல் நிற்க, போனவர்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. டயர் மாற்றினால் போதும் என்றார்கள். டயர் முந்தின வருடமே மாற்றியாயிற்று, பில் இருக்கிறது. சாதாரண டிப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும், ஆகவே வழுக்குகிற வீலைச் சுற்ற எவ்வளவு கொஞ்சம் போதுமோ அவ்வளவுதான் தரையைப் பிடித்திருக்கிற வீலுக்கும் போகும். ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்து ஏற்றுகிற வித்தை நம்மில் சிலருக்குக் கைவந்தது, ஆனால் முழு லோடோடு எவ்வளவு காலத்துக்கு?

ஆகவேதான் லிமிடெட் ஸ்லிப் டிப் (எல்.எஸ்.டி.) போட்டோம். அதற்குள்ளே கிளச் தட்டுகள் உண்டு. ஒரு வீல் தனியாக ஓடிவிடாமல் அவை பிடித்துக்கொள்வதால் மற்ற வீலுக்கும் இழுவை கிடைக்கும். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் அளவு சரியென்றால் ஆக்சில் பல் பொருந்தாது, பல் சரியென்றால் விலை பொருந்தாது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய சாமான்களின் விலை என்ன ஆனது என்று தெரியும், 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திறந்துவிட்டும் நம் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றும் வரவில்லை.

எண்ணெயை வடித்து, இரண்டு ஆக்சிலையும் வெளியே இழுத்து, டிப்பைக் கழற்றி, கிரவுன் வீலைப் புதுக் கூட்டுக்கு மாற்றுவது வரை யாரும் செய்யலாம். வேலையே அதற்குப் பிறகுதான். கிரவுன் வீலுக்கும் அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் இடையில் விடுகிற ஆட்டம் (பல் இடைவெளி) 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதனால்தான் அந்த நுண்ணிய ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் வாங்கினோம், பல்லில் மை தடவி எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகினோம். தவறினால் டிப் ஊளையிடும், பல்லும் தேயும். கண்ணளவில் வைக்கலாமே என்று சொன்ன அங்கத்தவர் தேத்தண்ணி நேரத்துக்கு மட்டும்தான் கராஜ் பக்கம் வந்தார்.

இப்போது அதே ஏற்றத்தில் வேகன் தானாக ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவில் வருகிற அந்த டக்டக் சத்தம் தட்டுகள் நழுவுகிற சத்தம், உடைசல் இல்லை. எல்.எஸ்.டி.க்கென்றே வருகிற ஜி.எல்.5 தரக் கியர் எண்ணெய் ஊற்றினால் குறையும். ஓட்டுகிறவர்கள் கவனிக்க: ஒரு பக்கத்தை மட்டும் ஜெக்கில் தூக்கிவிட்டு கியரில் போடக் கூடாது, தரையில் நிற்கிற வீல் இழுத்து கார் ஜெக்கை விட்டுப் பாய்ந்துவிடும். டெவோன் பக்கத்து ஈரத் தார் ரோட்டில் வளைவுக்குள் அழுத்தி மிதித்தால் இரண்டு வீலும் சேர்ந்தே வழுக்கி வால் வெளியே போகும், ஆகவே கெட்டித்தனம் காட்ட வேண்டாம்.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், விவரம் பொருளாளரிடம். டிப் செலவைக் கேள்வி கேட்பவர்கள் தங்கள் சந்தா நிலுவையையும் அதே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்துப் பக்கம்தான். வேகனை அதிகம் கூப்பிட்டவர்களும் நிலுவைக்காரர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதை நான் சொல்லவில்லை, புத்தகம் சொல்கிறது.

இடம் தந்த கராஜ் பாஸுக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்பதாயிருந்தால் சந்தோஷமாகக் கொடுக்கிறேன், டயல் கேஜையும் சேர்த்து. தட்டுத் தூள் கலப்பதால் புது டிப்பின் எண்ணெயைச் சீக்கிரமே ஒரு தடவை மாற்ற வேண்டும், அந்த எண்ணெய் மலிவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், கூட்டம் முடியும்வரை இருப்பார்.